இரண்டு பெயரையும் மறைத்தேன்

நான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் முழுசாகப் படித்தார். அச்சுக் கோத்தவரைச் சொல்லவில்லை. அவர் எழுத்தைப் பார்த்தாரே தவிர விஷயத்தைப் பார்க்கவில்லை. என் துறைத் தலைவர் தலைப்பைப் பார்த்துவிட்டு “பேஷ்” என்பார். சக ஆசிரியர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மேற்கோள் பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். படித்தவர் ஒருவரே. அவர் படித்ததால் ஒரு மனுஷனுக்கு வேலை போக இருந்தது. “என் கட்டுரையை யாருமே படிப்பதில்லை மேடம்” என்று இப்போது இளம் பேராசிரியர்கள் என்னிடம் வந்து புலம்பும்போது, கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் சென்னையில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி படித்தேன். படித்த சூட்டோடு அங்கேயே பாடம் சொல்லிக் கொடுக்கவும் சேர்ந்துவிட்டேன். எங்கள் வீடு திருவள்ளூரில், கோயிலை ஒட்டிய தெருவில் இருந்தது. அப்பாவுக்குக் கோயிலில் கைங்கரியம். நான் படிப்பது என்ன படிப்பு என்று அவருக்குப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாலு தலைமுறையா பெருமாளுக்கு சேவை பண்ணிண்டிருக்கோம். எவனும் சர்ட்டிபிகேட் கேக்கலையே” என்றார். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை, “சம்பளம் வாங்கிண்டு பண்ணினா அதுக்கு வேலைன்னுதானேடி பேரு?” என்று கேட்டாள். பிற்பாடு நான் போன கருத்தரங்குகளில் இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பார்த்தேன். மத்தியான சாப்பாடு நன்றாக இருந்தது.

எங்களுக்குப் பாடப்புத்தகமெல்லாம் அமெரிக்காவிலிருந்து வரும். அவற்றில் வரும் குடும்பங்களுக்கெல்லாம் பனியால்தான் பாதிக் கஷ்டம். வழுக்கி விழுந்த கணவன், வெந்நீர்க் குழாய் உறைந்துபோன வீடு, மாற்றாந்தகப்பனோடு பேசாத பிள்ளை. பொன்னேரியிலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இதை உருப்போடுவார்கள். நானும் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு பனியைப் பற்றிப் பாடம் நடத்துவேன்.

அந்தப் புத்தகங்கள் சொன்ன விதிகள் எளிமையானவை. உதவி தேடி வருகிறவருக்குப் புத்திமதி சொல்லாதே. அவர் நல்லவரா கெட்டவரா என்று எடை போடாதே. ரகசியத்தை வெளியே விடாதே. அவர் என்ன உணர்ச்சியைக் காட்டுகிறாரோ அதையே திருப்பிச் சொல்: “உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, இல்லையா?” இந்த வாக்கியத்தை வகுப்பு முழுவதையும் எழுந்து நிற்கவைத்துச் சொல்லவைப்பேன். தேவாரம் சொல்லிக் கொடுக்கும் ஓதுவாருக்குக்கூட அவ்வளவு கண்டிப்பு இருந்திருக்காது.

இன்னொரு கொடுமையும் உண்டு. மாணவர்கள் யாரைப் போய்ப் பேட்டி கண்டாலும், நடந்ததை வார்த்தைக்கு வார்த்தை நோட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும். ஒரு பெண் இப்படி எழுதிக்கொண்டு வந்தாள்: “நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் மறுபடி சிரித்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.” நான் சிவப்பு மையில், “அப்போது உங்கள் உணர்வு என்ன?” என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். பாவம், அவள் அடுத்த வருஷமே கல்யாணம் செய்துகொண்டு பிழைத்துக்கொண்டாள்.

அந்த வகுப்பில் பொன்னேரிப் பக்கத்துப் பையன் ஒருவர் இருந்தார். தங்கப் பதக்கம் வாங்கியவர். நான் இருமினால்கூடக் குறித்துக்கொள்வார் என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். படித்து முடித்ததும் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஓர் இரும்புக் கம்பி மில்லில் தொழிலாளர் நல அதிகாரியாகச் சேர்ந்தார். என் கட்டுரையைப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

பாடம் நடத்தினால் மட்டும் போதாது, பேராசிரியர்களும் களத்தில் இறங்கவேண்டும் என்று கல்லூரியில் ஒரு பேச்சு வந்தது. நான் திருவள்ளூர்க்காரி ஆதலால், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பஞ்சும் பேண்டேஜும் அடுக்கிவைக்கும் அறையில் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை தோறும் இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு படித்த பொம்பளை வந்தாள் என்றால், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க, இல்லாவிட்டால் இலவசப் பால் பவுடர் கொடுக்க, இரண்டில் ஒரு காரியமாகத்தான் இருக்கும். எட்டிப் பார்த்த பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “ஆப்ரேசனா, பால் பவுடரா?” இரண்டும் இல்லை, உங்கள் மனக்கஷ்டத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்வேன் என்றேன். “கேட்டுக்கினு?” என்றாள் ஒருத்தி. என் பையை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒருவர் இந்தத் தொழிலை நடத்திக்கொண்டிருந்ததுதான் சிக்கல். எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு வைத்தியர் என்று பேர். தீராத வியாதிக்காரர்கள் அமாவாசைக்கு வந்து குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு, சன்னதியில் நின்று எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டுப் போவார்கள். அவர் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். குறுக்கே பேசமாட்டார், புத்திமதி சொல்லமாட்டார், சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லமாட்டார், கட்டுரையும் எழுதமாட்டார். அமெரிக்காவில் நேற்றுக் கண்டுபிடித்த முறையை அவர் பல நூறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். போட்டி போட்டுப் பயனில்லை என்று நானும் என் சனிக்கிழமையை அமாவாசைக்கு மாற்றிக்கொண்டேன். கூட்டத்தில் நாலு பேராவது என் பக்கமும் வந்தார்கள்.

அப்படி வந்தவர்கள்தான் அந்தத் தம்பதி. ஆந்திர எல்லையோரம், எளாவூர்ப் பக்கத்துக் கிராமம். இருவருமே கூலிக்கு நடவு நட்ட குடும்பங்களில் பிறந்தவர்கள். அவருக்குக் கும்மிடிப்பூண்டி மில்லில் வேலை கிடைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இன்னும் ஒரு வருஷத்தில் ஆகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அது ஆகிவிட்டால் அந்தக் குடும்பத்தில் மாசச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவர். மனைவிக்கு வாய் ஜாஸ்தி, அவருக்கு வாயே கிடையாது. நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்காரத் தயங்கினாள். எங்கள் தெருவில் அவள் அம்மா செருப்புப் போட்டு நடந்திருக்க முடியாது. அதை நான் அறியாதவள் போல, “உட்காருங்கள், இங்கே எல்லோரும் சமம்” என்று புத்தகத்தில் இருந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவள் கீழேயே உட்கார்ந்துகொண்டாள்.

“சரியா துன்றதில்லம்மா, தூங்கறதில்ல. எப்பவும் மோட்டுவளையப் பாத்துக்கினு கெடக்கறாரு. ஒரே பேஜாரா கீது. வெல்லம் கரைச்சாச்சு. ஆஸ்பத்திரில ஊசியும் போட்டாச்சு. அந்த நர்சம்மாதான் ஒன்னாண்ட போவச் சொல்லுச்சு.”

“உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, இல்லையா?” என்றேன்.

“ஆமாம்மா, அதான சொல்லிக்கினு கீறேன்.”

“அவர் சாப்பிடாமல் இருப்பது உங்களுக்கு வேதனையாக இருக்கிறது.”

அவள் தன் புருஷனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “இன்னாம்மா நீ, நான் சொல்றதையே எனக்குத் திருப்பிச் சொல்லிக்கினு கீறே?” என்றாள். அவர் லேசாகச் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் முகத்தில் நான் பார்த்த முதல் அசைவு அதுதான். என் முறை வேலை செய்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

நாலாவது அமாவாசையில் அவர் வாயைத் திறந்தார். மனைவியை வெளியே போகச் சொன்னார். பேண்டேஜ் சுருள்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருக்கு ஓர் அண்ணன். எட்டாவது பாஸ். அந்த ஊரில் எட்டாவது வரைக்கும் போன முதல் ஆள். வேலைக்குப் போகிற வயசில் பாம்பு கடித்துச் செத்துப்போனான். தம்பி, அதாவது இவர், இரண்டாங்கிளாஸோடு மாடு மேய்க்கப் போனவர். மில் வந்தபோது எட்டாவது பாஸ் ஆனவர்களைத்தான் எடுத்தார்கள். டிரங்குப் பெட்டியில் அண்ணனுடைய சர்ட்டிபிகேட் இருந்தது. இவர் அதை எடுத்துக்கொண்டு போய் நின்றார்.

“மூணு வருசமா அண்ணாத்த பேருலதாம்மா கையெழுத்து போடறேன். மேஸ்திரி அவன் பேரச் சொல்லித்தான் கூப்புடறாரு. மொதல்ல திரும்பிப் பாக்க மறந்துடுவேன். அப்பால பழகிப்போச்சு. இந்த வருசம் அவன் தெவசம் வந்துச்சு. எலையில அவனுக்குப் புடிச்ச கருவாட்டுக் கொழம்பு ஊத்தி வச்சுட்டு, எங்கம்மா அவன் பேரச் சொல்லி, வாடா வந்து சாப்புடுடான்னு அழுதுது. நான் எழுந்திரிச்சு எலையாண்ட போயிட்டேம்மா. பேரக் கேட்டதும் காலு தானா போயிருச்சு. போயி குந்திட்டேன். அப்பதான் எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எங்கம்மா பாத்துச்சு பாரு. அன்னிலேருந்து சோறு எறங்கலம்மா.”

நான் திருப்பிச் சொல்லவேண்டிய வாக்கியம் எதுவும் எனக்கு வரவில்லை. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் ஆஸ்பத்திரிப் பஞ்சை எடுத்துக் கொடுத்தேன், அதில் மூக்கைச் சிந்தினார். அதற்கடுத்த அமாவாசைக்கு அவர் மனைவி மட்டும் வந்தாள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார் என்றாள். எனக்கு ஒரு கீரைக்கட்டு கொண்டுவந்திருந்தாள். வாங்கக்கூடாது என்பது விதி. வாங்கிக்கொண்டேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவள். ஆனால் அந்த வருஷம் எனக்குப் பேராசிரியர் பதவி வரவேண்டியிருந்தது, அதற்கு ஒரு கட்டுரை வேண்டியிருந்தது. கையில் இருப்பதோ வைரம் போன்ற கேஸ். இரண்டு பெயருடன் வாழும் தொழிலாளியின் மனச்சிக்கல் என்று இங்கிலீஷில் ஒரு முழ நீளத் தலைப்பு வைத்து எழுதினேன். ரகசியம் காப்பதில் நான் புலி. அவர் பெயரை மறைத்தேன், அண்ணன் பெயரையும் மறைத்தேன். திரு. எக்ஸ் என்று போட்டேன். மற்றதையெல்லாம் போட்டேன். எல்லைச் செக்போஸ்ட் பக்கத்துக் கிராமம். இரும்புக் கம்பி மில். மூன்று வருஷ வேலை. இடது கையில் ஒரு விரல் குட்டை. இரண்டு பெண் குழந்தைகள். பாம்பு கடித்து இறந்த அண்ணன். எட்டாவது சர்ட்டிபிகேட். (இங்கே கொடுத்திருக்கும் அடையாளங்களில் பாதியை மாற்றிவிட்டேன். எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், இப்போதாவது புத்தி வந்திருக்கிறது.)

அமெரிக்கப் புத்தகங்களில் அப்படித்தான் செய்வார்கள். பெயரை எடுத்துவிட்டால் ஆளைக் காணோம். அது லட்சக்கணக்கான பேர் முட்டி மோதும் பட்டணத்துக்குச் சரி. எளாவூர்ப் பக்கத்தில் யாருக்கு யார் பெயர் தெரியும்? “குட்டை வெரலுக்காரன்”, “பாம்பு கடிச்சு செத்தானே அவன் தம்பி” என்றுதான் ஒருவரை ஒருவர் தெரியும். அந்த ஊரில் ஒருத்தரை மறைக்கவேண்டுமானால் பெயரைப் போட்டுவிட்டு மற்றதை எடுக்கவேண்டும். நான் பத்து வருஷம் பாடம் நடத்தியவள், எனக்கு இது தோன்றவில்லை. திருவள்ளூரில் பிறந்தவள் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

கட்டுரை வந்து ஒரு மாசம் இருக்கும். என் தங்கப் பதக்கம் கல்லூரிக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். இன்னொரு கையில் பத்திரிகை. திறந்து காட்டினார். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்.

“பிரமாதம் மேடம். ஆராய்ச்சி நடைமுறைக்குப் பயன்படணும்னு கிளாஸ்ல சொல்லுவீங்களே, இப்பத்தான் எனக்கு அதோட அர்த்தம் புரிஞ்சுது. உங்க கட்டுரையைப் படிச்சிட்டு மில்லுல ஒரு ரவுண்டு போனேன். அரை மணி நேரத்துல ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன்.”

அந்த ஸ்வீட்டை வாயில் போட்டிருந்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஆள்மாறாட்டம் என்று சார்ஜ் ஷீட் கொடுத்தாயிற்று. விசாரணை வைத்திருக்கிறார்கள். அவர் முதலாளி, இப்படிப் படிக்கிற அதிகாரி நமக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று பாராட்டினாராம்.

மறுநாளே கிளம்பினேன். திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை, அங்கே பஸ் மாறி, பிறகு இன்னொரு பஸ். மீன் கூடைக்கும் கோழிக் கூண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டே போனேன். கும்மிடிப்பூண்டியில் அப்போது முளைத்துக்கொண்டிருந்த கூரைகளும் புகைக்கூண்டுகளும் தெரிந்ததும் இறங்கினேன். மில்லில் தங்கப் பதக்கம் தன் அறையில் என்னை உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

“அந்த மனுஷன் என்னை நம்பிச் சொன்னது. அதை வைத்து நீங்கள் அவர் வேலையை எடுக்கக்கூடாது” என்றேன்.

“புரியுது மேடம். ஆனா நாம எந்த நிறுவனத்துல வேலை செய்யறோமோ அதோட பிரதிநிதின்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. உணர்ச்சிவசப்பட்டு அதை மறந்துடக்கூடாதுன்னும் சொன்னீங்க. நோட்ஸ் இன்னும் வெச்சிருக்கேன்.”

“இரண்டு குழந்தை இருக்கிறது அவருக்கு.”

அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். முகத்தில் கனிவைக் கொண்டுவந்தார். “உங்களுக்குக் கஷ்டமா இருக்கு, இல்லையா மேடம்?” என்றார்.

ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். அவர் மேல் தப்பில்லை. தலை சாய்க்கவேண்டிய கோணம் உட்பட எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. மனசு வெந்துகொண்டிருக்கும்போது அந்த வாக்கியத்தைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் எத்தனை பேரை அப்படிக் கேட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

பிறகு அவர் நிலவரத்தைச் சொன்னார். அண்ணன் படித்த பள்ளிக்கூடத்துப் பழைய ரிஜிஸ்தர்களைக் கரையான் தின்றுவிட்டது. ஊரில் போய் விசாரித்தால், எவருக்கும் எவர் பெயரும் தெரியவில்லை. “எங்களுக்கு அவன் குட்டைவெரலு சார், பேரு இன்னான்னு யாருக்குத் தெரியும்” என்று சத்தியம் செய்கிறார்கள். அது நிஜமும்கூட. அந்தத் தொழிலாளியோ, சர்ட்டிபிகேட்டில் இருப்பது நான்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறார். ஆக இருக்கிற ஒரே சாட்சி என் கட்டுரை. “விசாரணைக்கு நீங்க வந்து, ஆமா, இவர்தான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மேடம்.”

சொல்லமாட்டேன், அது ரகசியம் என்று வாயை மூடிக்கொண்டால் ஆமாம் என்றுதான் அர்த்தம். இல்லை, இவர் வேறு ஆள் என்றால் அந்த வேறு ஆள் யார் என்று இன்னொருத்தனைத் தேடிப் போவார்கள். என் தங்கப் பதக்கம் விடமாட்டார். பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன், வீட்டுக்கு வந்து யோசித்தேன். எப்படிப் பார்த்தாலும் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

விசாரணை அன்று நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வக்கீல், தங்கப் பதக்கம், எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. இந்தப் பக்கம் அவர், துவைத்த சட்டையில், குட்டை விரலை மறைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பொறுத்தவரை, அவர் அழுததை நான் கொண்டுபோய் மில்லில் விற்றுவிட்டேன். அந்தக் குனிந்த தலையை நான் இன்னும் மறக்கவில்லை.

கட்டுரையை என்னிடம் காட்டி, இது நீங்கள் எழுதியதா என்று வக்கீல் கேட்டார். ஆமாம் என்றேன். இதில் வரும் தொழிலாளி யார் என்று கேட்டார்.

“அப்படி யாரும் இல்லை. நானாகக் கற்பனை செய்து எழுதினேன்” என்றேன்.

தங்கப் பதக்கத்தின் பேனா நின்றுவிட்டது. “மேடம், ஆராய்ச்சின்னு போட்டிருக்கு” என்றார் மெதுவாக. ஒரு குழந்தையிடம் சாமி இல்லை என்று சொன்னால் எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தார். எனக்கு அவர் மேலும் இரக்கம் வந்தது.

“போட்டிருக்கிறது. பொய். பதவி உயர்வுக்காக எழுதினேன். இந்த ஊர்ப் பக்கத்தைத் தெரியும் என்பதால் செக்போஸ்ட், மில் என்று போட்டேன். அண்ணன், தம்பி, பாம்பு, சர்ட்டிபிகேட் எல்லாம் என் சொந்தச் சரக்கு. எழுதிக் கொடுக்கிறேன்.” எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

வக்கீல் விடவில்லை. தொழிலாளி பக்கம் திரும்பி, “உனக்குத் தம்பி இருக்கானா?” என்று கேட்டார்.

அவர் தலையை நிமிர்த்தினார்.

“இல்ல சார். எனக்குத் தம்பியே கெடையாது.”

“செத்துகித்துப் போயிட்டானா?”

“பொறக்கவே இல்ல சார்.”

குமாஸ்தா அதை எழுதி வாசித்தார். கீழே அண்ணன் பெயரில் அவர் கையெழுத்துப் போட்டார். சார்ஜ் ஷீட் ரத்தாயிற்று. நிரந்தரமும் ஆகிவிட்டது.

எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். என் வாக்குமூலம் கல்லூரிக்குப் போனது. கமிட்டி போட்டார்கள். தலைவராக உட்கார்ந்திருந்த பெரியவர், “கற்பனையா? அப்படித் தெரியலையே, வர்ணனை அருமையா இருந்ததே” என்றார். அவரும் படித்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பதவி உயர்வு சில வருஷம் தள்ளிப்போயிற்று. ஆராய்ச்சி முறைகள் என்ற பாடத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியே வராந்தாவில் ஒரு மூத்த சகா என்னைத் தனியே இழுத்து, “உங்களுக்கு என்ன பைத்தியமா? நாங்கள்லாம் ஒத்துக்கறமா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். என் வாழ்நாளில் நான் எழுதியதில் பொய்யே கலக்காத ஒரே கட்டுரை அது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

விசாரணை முடிந்த அன்று மில் கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பக்கம் அந்தத் தொழிலாளி எனக்காகக் காத்திருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்காக நீங்க பொய் சொன்னீங்கம்மா. ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?” என்றார்.

“ஆகாது. என்னை மன்னித்துவிடுங்கள். நான் எழுதியிருக்கவே கூடாது” என்றேன். விதிப்படி மன்னிப்பும் கேட்கக்கூடாது. அன்றைக்கு விதியைக் கொண்டுபோய் உடைப்பில் போட்டேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கழுவி வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “எங்கம்மாக்கு ரெண்டு புள்ளம்மா. பெரியவனப் பாம்பு கொண்டுக்கினு போச்சு. சின்னவன் பொறக்கவே இல்லன்னு இன்னிக்கு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். எங்கம்மா உசுரோட கீது. அது காதுல உழுந்தா தாங்காது. இத மட்டும் எங்கயும் எழுதிடாதீங்கம்மா.”

எழுதமாட்டேன் என்றேன். எழுதவில்லை. அதற்குப் பிறகு எழுதிய கட்டுரைகளில் புள்ளிவிவரமும் அட்டவணையுமாகப் போட்டு நிரப்பினேன். யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. பதவியும் வந்தது.

நான் ஓய்வு பெற்று ரொம்ப காலம் கழித்து ஒரு நாள் அவர் மனைவி திருவள்ளூர் வீட்டுக்கு வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. இந்த முறை நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமியார் போய்ப் பல வருஷம் ஆயிற்று, அவரும் போன தையில் போய்விட்டார் என்றாள். நான் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவரு பேருல ஒரு துண்டுக் காயிதம் இல்லம்மா. ரேசன் கார்டு, பாஸ்புக்கு, சாவு சர்ட்டிபிகேட்டு, எல்லாம் அண்ணாத்த பேருலதான் கீது. பேத்தி கேக்குது, தாத்தா பேரு இன்னா ஆயான்னு. இன்னான்னு சொல்ல? அப்படி ஒரு ஆளு பொறந்தாரு, என்னைக் கட்டிக்கினாரு, நெருப்பாண்ட நின்னு வேல செஞ்சு ரெண்டு பொண்ணக் கரையேத்துனாருன்னு எங்கனா ஒரு எடத்துல இருக்கட்டும். நீதான் எழுதறவளாச்சே. இப்போ எழுதும்மா.”

பேனாவையும் காகிதத்தையும் எடுத்தேன். அவர் பெயர் எனக்கு மறக்கவில்லை. அண்ணன் பெயர் இல்லை, அவருடைய பெயர். அதைப் போட்டே எழுதட்டுமா என்று கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. பிறகு யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

“வேணாம்மா. பென்சன் நின்னுடும்” என்றாள்.